கப்பலில் வந்த விலங்கும் காட்டில் ஓரிரவும்

சென்ற கிழமை ஒரு மாலைப்பொழுதில் கப்பல்துறையிலிருந்து மாணவர் இருவர் நம்மைக் காண வந்திருந்தனர். ஒருவர் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பவர். மற்றவர் பரீட்சையை முடித்துவிட்டு, உல்லாசப் பயணிகளை நம்பி ஏதேனுமொரு தொழில் தொடங்கலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பவர். கனடாவிலுள்ள உறவினர் அனுப்பிய படங்கள் சிலவற்றைக் கைத்தொலைபேசியில் நமக்குக் காட்டினர். ஓங்கி வளர்ந்த மரங்களின் நடுவே ஒரு கூடாரம். அதன் பக்கத்தே அடுப்பு. சற்றுத் தள்ளி இரு மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் மூன்று குதிரைகள். அப்பால் காட்டுக்குள் வளைந்து செல்லும் ஒரு மண்பாதை. பகலெல்லாம் குதிரைமேல் காட்டைச் சுற்றி, இரவில் அங்கேயே பாசறையிட்டுத் தங்கும் இடம் அது.

“நம்மூரிலுந்தான் காடு இருக்கிறது. கண்டி வீதியை விட்டிறங்கினால் மரந்தானே! இப்படியொரு இடத்தை நாமும் அமைக்கலாகாதா?” என்பது அவர்களின் கேள்வி.

நல்ல கேள்விதான். இளைஞர் ஊரை விட்டுப் போகும் வழியைத் தேடாமல் ஊரிலேயே ஒரு தொழிலைக் காண விரும்புவது மகிழ்ச்சிக்குரியது. ஆதலின் உடனே ‘ஆம்’ என்றும் சொல்லாமல், ‘இல்லை’ என்றும் சொல்லாமல், ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் எண்ணியதையே இன்று வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

துறையில் இறங்கிய குதிரை

முதலில் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளவேண்டும். யானை நம் காட்டில் பிறந்தது. எருமையும் மானும் அவ்வாறே. குதிரை அப்படியன்று. அது கப்பலில் வந்த விலங்கு.

கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும், கப்பலில் குதிரை கொண்டுவந்த வணிகன் ஒருவனின் புதல்வர்கள் என மகாவம்சம் கூறுகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே இத்தீவின் அரியணைக்கு வழி திறக்கும் அளவுக்குக் குதிரை வாணிகம் செல்வம் ஈட்டியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

நம் கொட்டியாரத்தோடு தொடர்புடைய சான்றும் ஒன்றுண்டு. புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று அதனைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதிலிருந்த இளைஞர் றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களால் சிறைப்பிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் இருந்துவிட்டு 1679இல் தப்பிச் சென்றவர், 1681இல் தம் நூலை வெளியிட்டார். இந்நாட்டு விலங்குகளை அதில் வரிசைப்படுத்தும்போது, இங்கு இல்லாதவற்றின் பட்டியலில் சிங்கத்தோடும் ஓநாயோடும் குதிரையையும் சேர்த்து எழுதுகிறார். கொட்டியாரத்திலிருந்து கண்டிவரை கால்நடையாய்க் காட்டைக் கடந்தவர் சொல் அது.

வந்த குதிரைகள் யாவும் வாழ்ந்தனவா என்றால், அதுவுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குள்ள மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றிற் பெரும்பாலானவை மாண்டுபோவதையும் வியப்போடு எழுதுகிறார். அவர் காட்டும் காரணங்களில் முதன்மையானவை இரண்டு. குதிரை மருத்துவம் அறிந்தவர் அங்கில்லை. ஏற்ற தீனியும் கொடுக்கப்படவில்லை. சமைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்கு ஊட்டினார்களாம்!

மாணிக்கவாசகர் வரலாற்றை அறியாத தமிழர் இல்லை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன், திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவாயிற்று. இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தான். பகலில் மன்னன் கண்டு மகிழ்ந்த பரிகள் இரவில் நரிகளாகி ஓடின. புராணத்தின் பொருள் வேறு. அதனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் குதிரையை வாங்குவது ஒன்று, அதனை ஓரிரவு காப்பது மற்றொன்று என்னும் உலகியல் உண்மையும் அக்கதையில் இருப்பதாக நமக்குத் தோன்றுவதுண்டு.

ஆங்கிலேயரும் இதற்கு விலக்கல்லர். 1848இல் நுவரெலியாவில் பண்ணை அமைக்க வந்த சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் ஆட்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அவருடைய குதிரைக்காரன் மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருளவிட்டான். பின்னர் ஒரு யானையும் அவன் விரட்டிய வேகத்தில் உயிர்விட்டது. பேக்கர் இதனை நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். யானையும் குதிரையும் எழுதியிருந்தால் வேறுவிதமாக எழுதியிருக்கும்.

அதன் வயிறும் அச்சமும்

நிற்க. குதிரையோடு காட்டில் தங்க விரும்புவோர் அதன் உடலமைப்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 45 லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். வெயிலில் உழைத்தால் இன்னும் கூடும். தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீனி, அதாவது ஏறத்தாழ 9 கிலோ, அது நாள்தோறும் உண்ணும். இவ்வளவு பெரிய உடலுக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லீற்றர் வரையே கொள்ளும். ஆகவே மாட்டைப்போல ஒருமுறை வயிறார மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோட அதனால் இயலாது. சிறிது சிறிதாக, பகலிலும் இரவிலுமாகப் பலமுறை உண்ணவேண்டும். அன்றியும், குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. தீனியைத் திடீரென மாற்றினாலும் மிகுதியாகத் தானியம் கொடுத்தாலும் வயிற்றுவலி கண்டு, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து நேரலாம். கொள்ளு குதிரைக்கு ஏற்றது என்று கேள்விப்பட்டு ஒரு சாக்குக் கொள்ளை அவிழ்த்து வைத்துவிட்டு உறங்கப் போகிறவன், அதற்கு நன்மை செய்யவில்லை.

குதிரையின் குணமறிந்தே ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பது நம்மவர் பழமொழி. உண்மையில் கொம்பில்லாத அவ்விலங்குக்கு ஓட்டமே காவல். இருபக்கமும் அமைந்த கண்களால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவட்டத்தையும் அது காணும். மங்கிய ஒளியிலும் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். புதர் அசைந்தாலும் நெகிழிப் பை ஒன்று காற்றில் படபடத்தாலும் முதலில் ஓடிவிட்டுப் பிறகே என்னவென்று பார்க்கும். கட்டியிருந்தால் ஓட முடியாது. கயிற்றில் சிக்கிக் காலை ஒடித்துக்கொள்ளும். கூடாரத்தில் மனிதன் குறட்டைவிடும் வேளையில், வெளியே அவ்விலங்கு நின்றபடியே கண்ணயர்ந்து, ஒவ்வோர் ஒலிக்கும் காதைத் திருப்பிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

அங்கே எவ்வாறு செய்கின்றனர்?

மாணவர் காட்டிய படத்தில் குதிரைகள் மரத்தில் கட்டப்படாமல், மரங்களுக்கிடையே உயரமாக இழுத்த கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. அவர்கள் அதனைக் கவனிக்கவில்லை. பாசறைக் கலையின் பாதி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. குதிரையை மரத்தடியில் கட்டினால், ஓரிரவிலேயே குளம்பால் வேரைத் தோண்டி, பல்லால் பட்டையை உரித்துவிடும்; சில நாளில் மரம் பட்டுப்போகும். ஆகவே குதிரையின் தலைக்கு மேலே கயிற்றை இழுக்கின்றனர். கயிறு மரத்தை அறுக்காதபடி அகன்ற பட்டையைச் சுற்றுகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் காடுகளில் குதிரைகளுக்கெனவே தங்கிடங்கள் பல உண்டு. அங்கு செல்வோர் பின்பற்றும் ஒழுங்குகள் சில நமக்கும் பாடமாகும். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் குதிரையைக் கட்டமாட்டார்கள். ஏறத்தாழ 60 மீற்றர் தள்ளியே கட்டுவர். சாணத்தைக் குவித்து வைக்காமல் வாரியெடுப்பர், அல்லது பரவலாகச் சிதறிவிடுவர். பல மாநிலங்களில் களைவிதை கலவாத வைக்கோல் எனச் சான்று பெற்றதையே கொண்டுசெல்ல வேண்டும். குதிரை தின்ற விதை சாணத்தின் வழியே முளைத்து அந்நியப் பூண்டுகள் காட்டைப் பிடித்துவிடும் என்பதே காரணம்.

இவ்வொழுங்குகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. குதிரைகளால் காட்டுப்பாதைகள் அரிக்கப்படுகின்றன என்ற முறைப்பாடு எழுந்த காலத்தில், 1973இல் மொன்ரானா மாநிலத்தில் குதிரைப் பிரியர் சிலர் கூடி ‘பேக் கன்றி ஹோஸ்மன்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். பாதையைப் பயன்படுத்துகிறவனே பாதையைத் திருத்தவும் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. விழுந்த மரங்களை அகற்றுவதும், மழைநீர் வழிந்தோட வாய்க்கால் வெட்டுவதும், குப்பை சுமந்து வெளியேற்றுவதும் அவர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட தொண்டு. அழகிய படத்தின் பின்னால் இத்தனை கைகளின் உழைப்பு உண்டு.

நம் காடும் நம் வெயிலும்

இனி நம் காட்டைப் பார்ப்போம். திருகோணமலைக் காடு பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர்வலயக் காடு. வாடைக்காற்றோடு மாரி மழை பெய்யும் மாதங்கள் போக, எஞ்சிய காலமெல்லாம் வெயில்தான். வைகாசி தொட்டு ஆவணி வரை கச்சான் காற்று அனலாய் வீசும்போது, சிறு குளங்கள் வற்றி வெடிக்கின்றன. உல்லாசப் பயணிகள் நம் கடற்கரைக்கு வருவது பெரும்பாலும் அதே மாதங்களில்தான்! மூன்று குதிரைகள் காட்டில் ஒருநாள் தங்க, நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். எங்கிருந்து எடுப்பது? எஞ்சியுள்ள நீர்நிலைக்குத்தான் யானையும் வரும். கரடியும் சிறுத்தையும் வரும். நம் குதிரையை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது, அவற்றின் வாயிலிருந்து தண்ணீரைப் பறிப்பதாகவும் முடியும், குதிரையை அவற்றின் வழியில் நிறுத்துவதாகவும் முடியும்.

சட்டமும் உண்டு. வனவிலங்குத் திணைக்களத்தின் பூங்காக்கள் பலவற்றில் பார்வையாளர் வாகனத்தை விட்டு இறங்குவதே தடை. அனுமதியும் கட்டணமும் பெற்றுக் குறித்த இடத்தில் கூடாரம் அடிக்கலாமேயன்றி, நினைத்த இடத்தில் அடிக்க இயலாது. ஒதுக்கக் காடுகளுக்கும் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். போர்க்காலத்தில் கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலங்கள் இம்மாகாணத்தில் இருந்தன என்பதையும் இளைஞர் மறக்கலாகாது. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில், அது எவ்வளவு பழையதாயினும், அப்பால் அடி வைத்தல் கூடாது.

குதிரை இந்நாட்டில் வாழவே மாட்டாது என்று நாம் சொல்லவில்லை. நெடுந்தீவைப் பாருங்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை, கட்டுவாரும் ஏறுவாருமின்றி இன்றும் அங்கே கூட்டமாகத் திரிகின்றன. ஒல்லாந்தர் கால லாயத்தின் தூண்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன. 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் நன்னீர் அரிதான அந்தத் தீவில், கோடை வந்தால் குதிரைகளுக்குப் பெருந்துன்பம். அங்கு சென்றிருந்த ஒரு கோடையில் நாம் கண்ட காட்சி இது. ஒரு பெட்டைக்குதிரை குட்டியோடு கிணற்றடியில் நின்றது. வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர், தம் குடத்தை நிரப்புமுன் இரண்டு வாளித் தண்ணீரை அருகிலிருந்த தொட்டியில் ஊற்றினார். “இது உங்கள் குதிரையா, அம்மா?” என்று கேட்டோம். “ஒருவற்றையுமில்லைத் தம்பி. வந்து நிக்குது, ஊத்துறன்” என்றார்.

கந்தளாய் வழியில் ஓரிரவு

அந்தப் பெண்மணியின் சொல் நம்மை நம் சிறுபராயத்துக்கு இட்டுச்சென்றது. அந்நாளில் நமக்குக் குதிரை தெரியாது, வண்டிமாடுதான் தெரியும். தந்தையார் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வருவதற்காக இரட்டை மாட்டு வண்டியில் செல்வது வழக்கம். ஒருமுறை பாடசாலை விடுமுறையில் நம்மையும் நம் அண்ணரையும் உடன் அழைத்துச் சென்றார். நமக்கு அப்போது பத்து வயதிருக்கும்.

இருட்டுமுன் வீதியோரத்தில் ஒரு பாலைமரத்தடியில் வண்டியை அவிழ்த்தார்கள். வேறு வண்டிகளும் இரண்டு நின்றன. தீ மூட்டிச் சோறு பொங்கினார்கள். வண்டியின் கீழே ஒரு தகரப் பீப்பாயில் தண்ணீர் கட்டித் தொங்கியது. புழுதி படிந்த கால்களைக் கழுவுவோமென்று நானும் நீயுமாக நாம் இருவரும் அதனைத் திறந்தோம். விளையாட்டு முற்றிற்று. ஒருவர்மேல் ஒருவர் அள்ளி வீசினோம். பீப்பாய் அரைவாசிக்கு மேல் வெறுமையாயிற்று.

சிறிது நேரத்தில் தந்தையார் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்க வந்தார். பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். நம்மை அடிக்கவில்லை, ஒரு சொல் ஏசவுமில்லை. எஞ்சியதை வாளியில் ஊற்றி மாடுகளுக்குப் பங்கிட்டு வைத்தார். போதவில்லை. குடிப்பதற்கென்று செம்பிலும் குடத்திலும் இருந்ததையும் கொண்டுவந்து ஊற்றினார். அதன்பின் நம்மருகே வந்திருந்து, “மாடு தாகமெண்டு சொல்லாது தம்பி. நாங்கள்தான் அறிஞ்சு குடுக்கவேணும்” என்றார். அன்றிரவு அவர் தண்ணீர் குடிக்காமலே படுத்தார். பக்கத்து வண்டிக்காரர் நமக்கு மட்டும் ஆளுக்கொரு மிடறு தந்தார். விடியுமட்டும் மாட்டின் மணி அசையும்போதெல்லாம் விழித்துக்கொண்டோம்.

இது நடந்து பல்லாண்டுகளாயின. நம் தந்தையார் நடந்த ஒழுங்கு எந்த நூலிலும் எழுதியதன்று. வண்டியை அவிழ்த்தால் முதலில் மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்தல், நுகத்தடி உராய்ந்த இடத்தில் புண் உண்டா என்று நோக்குதல், உண்ணி பொறுக்குதல், குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தல், தண்ணீர் காட்டல், வைக்கோல் போடல். இவை யாவும் முடிந்த பின்னரே அடுப்பு மூட்டுவார்கள். கடல்கடந்த நாட்டுக் குதிரைப் பாசறைகளில் இன்று சொல்லிக்கொடுக்கும் முதற்பாடமும் இதுவே. சேணத்தை இறக்கி முதுகைப் பார், குளம்பைத் தூக்கிப் பார், தண்ணீர் காட்டு, பிறகு உன் பசியைக் கவனி.

மாணவர்க்கு நம் விடை

ஆகவே கப்பல்துறை மாணவர்க்கு நாம் சொல்லும் விடை இதுதான். குதிரையைக் காட்டுக்குள் கொண்டுபோகும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். தொழில் எண்ணத்தைக் கைவிடவேண்டாம். வரிசையை மட்டும் மாற்றுங்கள். கூடாரமும் படமும் விளம்பரமும் கடைசியில் வரட்டும்.

முதலில் தண்ணீர். மழை பெய்யாத மாதத்திலும் வற்றாத கிணறும், நிழலில் ஒரு தொட்டியும் உங்களுக்குண்டா? இரண்டாவது, ஆள். குதிரையின் வயிற்றுவலியையும் குளம்பையும் அறிந்த ஒருவரிடம் ஓராண்டாவது இருந்து பழகுங்கள்; அழைத்தால் இரவிலும் வரக்கூடிய கால்நடை வைத்தியர் யார் என்பதையும் அறிந்துவையுங்கள். மூன்றாவது, பாதை. காட்டுக்குள் வேண்டாம்; ஊர்களையும் வயல்களையும் ஒட்டிய வண்டிப்பாதையில், காலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்பக்கூடிய தூரமே போதும். இரவில் குதிரை தன் தொழுவத்தில் நிற்கட்டும். விரும்பும் விருந்தினர் அதனருகே கூடாரமடித்துக்கொள்ளட்டும். அனுமதிச் சீட்டு கையிலிருக்கட்டும். பருவம் முடிந்து பயணிகள் போன பின்னரும் குதிரை உண்ணும் என்பதையும் கணக்கில் எழுதுங்கள். வருமானம் நின்ற மாதத்தில் வீதியில் அவிழ்த்துவிடுவதற்காக ஒரு விலங்கை வாங்குவது பாவம்.

இவ்வளவையும் கேட்டால் உற்சாகம் குன்றும் என்பதை அறிவோம். இவர்களும் சற்று முகம் வாடித்தான் கேட்டனர். ஆயினும் உயிரியல் மாணவர் விடைபெறும்போது, “ஐயா, ஒரு தொட்டி கட்ட எவ்வளவு சீமெந்து வேணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நமக்குப் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்னே ஏற்கெனவே இரண்டு பசுக்கள் நிற்கின்றனவாம். தொட்டியை அவற்றுக்காக முதலில் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.